மனையும் மழையும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. இதில் வரும் 'பார்' என்னும் சொல் கண்ணால் காணுதலைக் குறிப்பதன்று. செய்து அறிக என்னும் பொருளில் வந்த துணைவினை. இவ்விலக்கணத்தை நான் பல்லாண்டுகள் மாணவர்க்குக் கற்பித்துள்ளேன். ஆயினும், வீடு கட்டப் புகுவோர் அச்சொல்லைக் காணுதல் என்றே கொண்டு, கட்டுமுன் நன்றாகப் பார்ப்பாராயின், பிழைகள் பல நேரா என்பதைப் பிற்காலத்தில் தெளிந்தேன். அத்தெளிவு எனக்கு உண்டான இடம் பொத்தேரி.

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் மின்தொடர்வண்டி தாம்பரத்தைக் கடந்ததும், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர் என ஊர்கள் வரிசையாக வரும். இப்பெயர்களைச் சற்றே செவிகொடுத்துக் கேளுங்கள். பொத்தேரி என்னும் பெயரின் இறுதியில் ஏரி நிற்கிறது; காட்டாங்குளத்தூரின் நடுவே குளம் நிற்கிறது. கூடுவாஞ்சேரியிலும் ஏரி உண்டு எனச் சிலர் மயங்குவர். அங்கு நிற்பது மக்கள் சேர்ந்து வாழும் இடத்தைக் குறிக்கும் சேரி என்னும் சொல். ஆனால் அவ்வூரை அடுத்து நந்திவரம் ஏரி பரந்து கிடத்தலின், மயங்கியோர் முற்றும் பிழைபட்டார் என்று சொல்லவும் இயலவில்லை.

செங்கற்பட்டு வட்டாரத்தில் வற்றாத பேராறு இல்லை. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெய்யும் மழையைத் தேக்கி ஆண்டு முழுவதும் வாழவேண்டிய நிலம் அது. ஆதலின், நம் முன்னோர் நிலத்தின் சரிவை அறிந்து, படிப்படியாக ஏரிகளை அமைத்தனர். மேலே உள்ள ஏரி நிரம்பியதும், மிகுந்த நீர் கலிங்கல் வழியாக வெளியேறிக் கால்வாயில் ஓடிக் கீழே உள்ள ஏரியை அடையும். அது நிரம்பினால் அதற்கும் கீழே உள்ளதை அடையும். இவ்வாறு ஏரிகள் சங்கிலிபோல் பிணைக்கப்பட்டிருந்தன. அச்சங்கிலியின் கண்ணிகளுக்கு இடையே இருந்த வயல்களே இன்று மனைகளாகியுள்ளன.

2014ஆம் ஆண்டு நான் பணியிலிருந்து ஓய்வு பெற்றேன். ஓய்வுக்காலப் பணத்தைக் கொண்டு சிறு வீடு ஒன்று கட்ட எண்ணி, சித்திரைத் திங்களில் பொத்தேரிக்கு அணித்தாக ஒரு மனையைப் பார்த்தேன். சதுரமான மனை, அகன்ற தெரு, குற்றமற்ற பட்டா. முன்பணமாக ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்தேன். நிலம் வெயிலில் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஓரத்தில் கோரை காய்ந்து கிடந்தது. களிமண் என்பதை அவ்வெடிப்பும், நீர் நிற்குமிடம் என்பதை அக்கோரையும் எடுத்துக் கூறின. கற்றவனாகிய எனக்கு அது விளங்கவில்லை. அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "ஐயா, ஐப்பசியில் ஒருமுறை வந்து பாருங்கள்" என்றார்.

சென்று பார்த்தேன். நான் வாங்க எண்ணிய மனையில் முழங்கால் அளவு நீர் நின்றது; கொக்குகள் மீன் தேடிக்கொண்டிருந்தன. பின்னர்க் கிராம நில வரைபடத்தைத் தேடிப் பெற்றேன். வரைபடத்தில் கால்வாய் இருந்த இடத்தில், நிலத்தில் அந்த அகன்ற தெரு இருந்தது! வில்லங்கச் சான்று நிலத்தின்மேல் பதிவான விற்பனையையும் அடமானத்தையும் காட்டும். பட்டா உரியவரைக் காட்டும். நீர் போகும் வழியைக் காட்டுவன பழைய வரைபடமும் மழைக்காலமுமே. நான் மனையைக் கைவிட்டேன். முன்பணம் திரும்பவில்லை.

பிறகு மேட்டுப்பாங்கான வேறொரு மனையை வாங்கினேன். கடைக்கால் பறிக்குமுன் கொத்தனார் என்னிடம், "ஐயா, இத்தெரு இன்னும் பத்தாண்டில் எவ்வளவு உயரும் என்று எண்ணிப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். தெருவும் வளருமோ என்று நகைத்தேன். பழைய தாரின்மேல் புதுத் தார் இட்டுக்கொண்டே செல்வதால், சாலை உயர்ந்து, வீடுகள் பள்ளத்தில் ஆழ்ந்த தெருக்களை அவர் தாம்பரத்தில் காட்டினார். அதன் பிறகே பேஸ்மட்டத்தின் உயரத்தை முடிவு செய்தோம்.

கோடைப் பிற்பகலில் மேற்குச் சுவர் கொதிக்கும். மாலைக் கடற்காற்றோ கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும். ஆகவே படிக்கட்டையும் பண்ட அறையையும் மேற்கே ஒதுக்கிப் படுக்கும் அறையைத் தென்கிழக்கில் அமைத்தோம். கீழ்த்தளத்திலேயே ஓர் அறையும் அதனுடன் ஒரு குளியலறையும் வேண்டும் என்று என் மனைவியார் வற்புறுத்தினார். முதுமையை என்னினும் முன்னதாக அறிந்தவர் அவர். மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து, அதனை இல்லாத பணமாகக் கருதி வைத்தேன். வேலை முடியுமுன் அது மெய்யாகவே இல்லாத பணமாயிற்று.

நான் கைவிட்ட மனையை வேறொருவர் வாங்கினார். 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவ்வழியே சென்றபோது, அவர் நூல் பிடித்து மனையை அளந்துகொண்டிருந்தார். வீட்டின் வரைபடத்தை விரித்து, "இது பூசை அறை, இது மகள் படிக்கும் அறை" என்று மகிழ்ந்து காட்டினார். பணம் கொடுத்து முடித்துவிட்டார். கல்லும் மணலும் வந்து இறங்கிவிட்டன. நல்ல நாளில் தீய சொல் எதற்கு என்று எண்ணி, வாழ்த்திவிட்டு வந்தேன்.

அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் பெருமழை தொடங்கியது. மறுநாள் காலைவரை 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 செ.மீ. சென்னையில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை சராசரியாக ஏறத்தாழ 140 செ.மீ. என்பதை நினைவிற் கொண்டு இதனை அளந்து பாருங்கள். ஒரு கிரவுண்டு மனை 2,400 சதுர அடி. அச்சிறு பரப்பின்மேல் அன்று விழுந்த நீர் மட்டும் ஏறத்தாழ 1,09,000 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் ஒன்பதை நிரப்பும் நீர் அது. ஆதனூர்ப் பக்கத்தில் தோன்றும் அடையாறு, மேற்புறத்து ஏரிகளின் மிகுநீரையும் ஏற்றுக் கரைபுரண்டது. முடிச்சூர், வரதராஜபுரம் ஆகிய ஊர்களில் தெருக்களில் படகு சென்றது.

மழை விட்டு நான்கு நாள் கழித்து அம்மனைக்குச் சென்றேன். சுவரில் இடுப்பளவிற்குச் சேற்றுக்கோடு படிந்திருந்தது. வீட்டுக்காரர் என்னை உள்ளே அழைத்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "ஐயா, இந்த மனையை முதலில் பார்த்தவர் தாங்கள்தாம் என்று இப்போதுதான் ஒருவர் சொன்னார். ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று கேட்டார்.

முதியவர் சொன்னதையும், கால்வாயையும் கூறினேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். முன்பே சொல்லியிருக்கலாமே என்று அவர் கேட்கவில்லை. மொட்டைமாடியில் அவருடைய மகள் நனைந்த பாடநூல்களைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, சிறு கற்களைப் பாரம் வைத்து வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தாள். நானும் அமர்ந்து, ஒட்டிக்கொண்டிருந்த தாள்களைப் பிரிக்கலானேன்.