அறுபதுக்கு மேல் படியேறலாமா?

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாளுக்கு ஒரு படி என்பது ஊர்க்கணக்கு. மலை உச்சிவரை வண்டி போகிற சாலையும் இருப்பதால் அடிவாரத்தில் ஒரு பேச்சை அடிக்கடி கேட்கலாம்: "அம்மா, நீங்க ஆட்டோவுல மேல வந்துடுங்க. நாங்க படியேறி வர்றோம்." நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இதையே தெலுங்கில் சொல்வார்கள். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அந்தப் பேச்சு மலையோடு நிற்பதில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் "குடத்தைத் தூக்காதீங்க", "கடைக்கு நான் போறேன்", "சும்மா உட்காருங்க" என்று நாள் முழுவதும் தொடர்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கைகளைக் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

"வயசான உடம்புக்கு ஓய்வுதான் மருந்து."

இருப்பதிலேயே அதிகம் கெடுதல் செய்யும் நம்பிக்கை இது. காயம் பட்ட இடம் சிவந்து, சூடாகி, வீங்குவது நமக்குத் தெரியும். கிருமியை எதிர்க்க உடல் மூட்டுகிற இந்த அழற்சி, வேலை முடிந்ததும் அடங்கிவிட வேண்டும். வயதாக ஆக அது முழுதாக அடங்குவதில்லை. வெளியே ஒன்றும் தெரியாது; ரத்தத்தில் மட்டும் அழற்சியைத் தூண்டும் பொருள்கள் கொஞ்சம் கூடுதலாகவே ஓடிக்கொண்டிருக்கும். இத்தாலிய விஞ்ஞானி கிளாடியோ ஃபிரான்செஸ்கி 2000ஆம் ஆண்டில் இதற்குத் தனிப் பெயரே வைத்தார். நீறு பூத்த நெருப்பு என்று நாம் சொல்வது இதற்கு அப்படியே பொருந்தும். மாரடைப்பு, சர்க்கரை நோய், தசை மெலிவு ஆகியவற்றோடு இந்த நெருப்புக்குத் தொடர்பு உண்டு.

இதை வளர்க்கும் இடங்களில் முக்கியமானது வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு. அது வெறும் சேமிப்பு அல்ல. அங்கே வெள்ளணுக்கள் வந்து குடியேறி, அழற்சிப் பொருள்களை இரவும் பகலும் சுரக்கின்றன. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. அதன்படி வயது வந்த இந்தியர்களில் 39.5 சதவீதம் பேருக்குத் தொப்பைப் பருமன். இந்த நிலையில் பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்தால் தசை கரையும், வயிற்றுக் கொழுப்பு ஏறும். ஓய்வு என்று நாம் கொடுப்பது நெருப்புக்கு விறகாகிவிடுகிறது.

தசை இதில் என்ன செய்கிறது என்பதுதான் கடந்த கால் நூற்றாண்டின் அழகான கண்டுபிடிப்பு. கோபன்ஹேகனில் பென்டே பெடர்சன் என்ற மருத்துவரின் குழு, தசை சுருங்கி விரியும்போது அதிலிருந்தே சில பொருள்கள் ரத்தத்தில் இறங்குவதைக் காட்டியது. அவற்றில் ஒன்று இன்டர்லூகின்-6. இங்கேதான் பலரும் குழம்புவார்கள். முதியவர்களின் ரத்தத்தில் எப்போதும் தேங்கிக் கிடந்தால் தீமை என்று சொல்லப்படுகிற அதே பொருள் இது! ஆனால் உழைக்கும் தசையிலிருந்து வரும்போது சட்டென்று பல மடங்கு ஏறி, ஓய்ந்ததும் இறங்கிவிடுகிறது. இறங்குவதற்குள் அழற்சியை அடக்கும் வேறு பொருள்களை வரவழைத்துவிடுகிறது. எப்போதும் கொஞ்சம் இருப்பது வேறு, வேலையின்போது வந்து போவது வேறு.

இதை அதே ஊரில் நேரடியாகவே சோதித்தார்கள். தொப்பை உள்ளவர்களை 12 வாரம் சைக்கிள் பயிற்சி செய்ய வைத்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் இன்டர்லூகின்-6இன் வேலையைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். மருந்தில்லாமல் பயிற்சி செய்தவர்களுக்கு வயிற்றுக் கொழுப்பு குறைந்தது. மருந்து எடுத்தவர்களுக்கு அதே பயிற்சியில் குறையவில்லை. 2019இல் வந்த முடிவு இது. தசை அனுப்பும் செய்தி போய்ச் சேர்ந்தால்தான் கொழுப்பு கரைகிறது.

"எங்கப்பா ஒல்லி. அவருக்கு எதுக்குப் பயிற்சி?"

புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றுதான், 22.3. உடல் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம் ஒல்லி வேறு மாதிரியானது. சட்டைக்குள் தெரியாத கொழுப்பு இருக்கும், தசை குறைவாக இருக்கும். ஒல்லியான பெரியவருக்குத்தான் தசையைக் காப்பாற்றிக்கொள்ளும் அவசரம் அதிகம்.

"உடம்பை வருத்தினா எதிர்ப்புச் சக்தி போயிடும். மலையேறிட்டு வந்தா காய்ச்சல் வரும்."

இந்தப் பயம் நம் ஊரில் மட்டும் இல்லை. விளையாட்டு மருத்துவத்திலேயே வெகுகாலம் இருந்தது. கடும் பயிற்சி முடிந்த சில மணி நேரத்துக்கு ரத்தத்தில் சில வகை வெள்ளணுக்களின் எண்ணிக்கை குறைவதைப் பார்த்து, அந்த நேரம் உடல் காவல் இல்லாமல் கிடக்கிறது என்று நினைத்தார்கள். பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேம்ப்பெல், டர்னர் இருவரும் 2018இல் சான்றுகளை எல்லாம் திரட்டிப் பார்த்து இதை மறுத்தார்கள். அந்த அணுக்கள் அழிவதில்லை. ரத்தத்தை விட்டு நுரையீரல், குடல் போன்ற இடங்களுக்குக் காவலுக்குப் போகின்றன. திருத்தணிக்கு ஆடிக் கிருத்திகை விழாவுக்குப் போய் வந்தவருக்குக் காய்ச்சல் வந்தால், லட்சக்கணக்கானோர் கூடிய நெரிசல், தூக்கமில்லாத இரவு, குடித்த தண்ணீர் ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஏறிய படிகளை அல்ல.

"இந்த வயசுக்கு மேல ஆரம்பிச்சு என்ன ஆகப்போகுது?"

முதலில், நெடுநாள் பயிற்சி செய்தவர்களைப் பார்ப்போம். மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. டி செல்கள் என்னும் காவல் அணுக்கள் பக்குவமடைவது அங்கேதான். இளமையிலிருந்தே அது சுருங்கத் தொடங்கி, முதுமையில் பெரும்பாலும் கொழுப்பாகிவிடும். பர்மிங்காம் பல்கலைக்கழகமும் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் 55 முதல் 79 வயது வரையுள்ள 125 சைக்கிள் ஓட்டிகளைப் பரிசோதித்து 2018இல் முடிவை வெளியிட்டன. நெடுங்காலமாக ஓட்டிவரும் ஆர்வலர்கள் அவர்கள். பயிற்சி பழக்கமில்லாத ஒத்த வயதினரைவிட, தைமஸிலிருந்து புதிதாக வந்த டி செல்கள் அவர்களுக்கு அதிகம் இருந்தன. ஆனால் மூப்படைந்து தேங்கும் டி செல்கள் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தன. உடற்பயிற்சி எல்லாவற்றையும் திருப்பிவிடும் என்று விற்பனைக்காகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

தாமதமாகத் தொடங்கியவர்களுக்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் இல்லினாயில் அதுவரை உடற்பயிற்சியே செய்யாத முதியவர்கள் பத்து மாதம் மூச்சு வாங்கும் பயிற்சி செய்தார்கள். தசை நீட்டல் மட்டும் செய்தவர்களைவிட அவர்களில் அதிகம் பேருக்கு, ஃபுளூ தடுப்பூசி தந்த பாதுகாப்பு 24 வாரம் கழிந்தும் நிலைத்தது. பாஸ்டனில் மரியா ஃபியட்டரோன் 1990இல் 86 முதல் 96 வயது வரையுள்ளவர்களுக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார். அவர்களின் கால் வலு இரண்டு மடங்குக்கும் மேலானது. தொண்ணூறில் முடிந்தது அறுபத்தைந்தில் முடியாதா?

"வருஷா வருஷம் மலையேறுறேனே, போதாதா?"

போதாது. ஒருநாள் பயிற்சியின் பலன் சில நாள்களில் கரைந்துவிடும். ஆண்டு முழுவதும் உட்கார்ந்திருந்துவிட்டு ஒரே நாளில் மலையேறுவது இதயத்துக்கும் நல்லதல்ல. வாரத்துக்கு 150 நிமிட மிதமான நடை, இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, 65 கடந்தவர்களுக்கு மூன்று நாள் கீழே விழாமல் நிற்கப் பழகும் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. படிபூஜைக்கு நேர்ந்துகொண்ட பெண்கள் ஒவ்வொரு படியிலும் குனிந்து மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, நிமிர்ந்து அடுத்த படியில் கால் வைப்பதைப் பாருங்கள். இடுப்பும் தொடையும் அத்தனை முறை மடங்கி நிமிர்கின்றன. அதில் பத்தில் ஒரு பங்கை வாரம் மூன்று நாள் வீட்டிலேயே செய்தால் அதுதான் பயிற்சி.

இறங்குவது கணக்கில் வராது என்பதும் தவறு. ஆஸ்திரேலியாவில் பணியாற்றும் ஆய்வாளர் கென் நொசாகா பங்கேற்ற 2017ஆம் ஆண்டு ஆய்வில், பருமனான முதிய பெண்களில் ஒரு பிரிவினர் படி ஏற மட்டும், இன்னொரு பிரிவினர் இறங்க மட்டும் 12 வாரம் பழகினார்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, இன்சுலின் செயல்பாடு எல்லாவற்றிலும் இறங்கியவர்களே கூடுதலாக முன்னேறினார்கள். மூச்சுத் திணறாமல் செய்ய முடிவதும் இதில் ஒரு வசதி. முழங்கால் தேய்ந்தவர்கள் மட்டும் கைப்பிடியைப் பிடித்து, மெதுவாக, குறைவாகத் தொடங்க வேண்டும்.

சில எச்சரிக்கைகள். நெஞ்சுவலி, படுத்தாலும் மூச்சிரைப்பு, திடீரென்று வீங்கிச் சிவந்த மூட்டு ஆகியவை இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சல் இருக்கும்போது பயிற்சி வேண்டாம். கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகள் உச்சி வெயிலில் சுடுகல்லில் வெறுங்காலோடு நடந்தால், கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். காலையில் போகட்டும்.

தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே இயன்முறைப் பயிற்சியாளர் வருகிறார்; தயங்காமல் கேளுங்கள். அவர் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார முடிகிறதா என்று அம்மாவை இன்றே செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து முறை முடிந்தால் அடுத்த வாரம் ஆறு முறை. மாலையில் கடைக்கு அவரையே அனுப்புங்கள், நீங்களும் கூட நடந்து போங்கள்.