அமிலத்தின் வலிமையும் காரத்துவமும்: களர் நில உழவருக்கு ஒரு வேதியியல் பாடம்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அமைந்த ஸ்ரீரங்கம் தீவில் ஆற்று வண்டலில் வாழை செழித்து வளர்கிறது. ஆற்றுக்குத் தெற்கே, திருச்சிராப்பள்ளி மணிகண்டம் வட்டாரத்திலோ, மழைநீர் வடியாமல் கலங்கி நிற்கும் களர் வயல்களைக் காணலாம். களர் மண்ணின் கார அமில நிலை 8.5-க்கு மேல் இருக்கும். இந்த மண்ணைத் திருத்தவும், சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொண்ட சொட்டுநீர்க் குழாயைச் சுத்தம் செய்யவும் அமிலத்தைப் பற்றிய பேச்சு எழுகிறது. எந்த அமிலம், எவ்வளவு என்பதற்கு விடை பள்ளிப் பிள்ளைகளின் வேதியியல் பாடத்திலேயே இருக்கிறது.

வலிமை என்பது என்ன?

அமிலம் நீரில் கரையும்போது ஹைட்ரஜன் அயனியை வெளிவிடுகிறது. 1884-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் அர்ரீனியஸ் இந்தக் கருத்துக்கு வித்திட்டார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் மூலக்கூறுகள் நீரில் ஏறத்தாழ முழுவதும் பிரிந்துவிடும். எனவே அது வலிமை மிக்க அமிலம். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தில், நீர்த்த கரைசலில்கூட, நூறு மூலக்கூறுகளுக்கு ஒன்றிரண்டே பிரிந்திருக்கும். அது வலிமை குறைந்த அமிலம்.

செறிவு வேறு, வலிமை வேறு. நிறைய நீர் சேர்த்தாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வலிமை மிக்க அமிலமே. அது நீர்த்த அமிலம் ஆகுமே தவிர வலிமை குறைந்ததாகாது.

காரத்துவம் என்பது என்ன?

ஓர் அமில மூலக்கூறு காரத்துக்குக் கொடுக்கக்கூடிய ஹைட்ரஜன்களின் எண்ணிக்கையே அதன் காரத்துவம்.

ஒற்றைக் காரத்துவம்: ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக், அசிட்டிக் அமிலங்கள்.
இரட்டைக் காரத்துவம்: கந்தக அமிலம், கார்பானிக் அமிலம்.
மும்மைக் காரத்துவம்: பாஸ்பாரிக் அமிலம், எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம்.

அசிட்டிக் அமில மூலக்கூறில் நான்கு ஹைட்ரஜன்கள் இருந்தும் ஒன்றையே அது விட்டுக்கொடுக்கிறது. மூன்றைக் கொடுக்கும் சிட்ரிக் அமிலமோ வலிமை குறைந்தது. ஆகவே காரத்துவத்தைக் கொண்டு வலிமையைக் கணிக்கக் கூடாது.

லிட்டருக்கு லிட்டர் மாற்றாதீர்

சந்தையில் கிடைக்கும் 36 சத ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் பதிலாக 98 சதக் கந்தக அமிலத்தை அதே அளவில் ஊற்றினால் என்ன ஆகும்? கந்தக அமிலம் இரட்டைக் காரத்துவம் உடையது. செறிவும் எடையும் மிகுந்தது. அதன் ஒரு லிட்டர், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் மூன்று லிட்டருக்கும் மேலான காரத்தை நடுநிலையாக்கும். இந்தக் கணக்கு தவறினால் குழாயும் வேரும் கெடும்.

எந்த அமிலமானாலும் அமிலத்தை நீரில் மெதுவாக ஊற்றவேண்டும். அமிலத்தின் மேல் நீரை ஊற்றக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் அணிக. பிளீச்சிங் பவுடருடன் அமிலம் சேர்ந்தால் நச்சுக் குளோரின் வாயு எழும். இரண்டையும் ஒருபோதும் கலக்கலாகாது.

களர் நிலத்துக்கு எது?

ஜிப்சம் அமிலமன்று, அது ஓர் உப்பு. அதிலுள்ள கால்சியம், மண்ணில் ஒட்டியிருக்கும் சோடியத்தை விடுவிக்கிறது. மண்ணில் ஏற்கெனவே சுண்ணாம்பு இருந்தால் அமிலம் அதைக் கரைத்துக் கால்சியத்தைத் தரும். ஒரு டன் ஜிப்சம் தரும் கால்சியத்தைப் பெற 570 கிலோ கந்தக அமிலம் வேண்டும். விலையும் ஆபத்தும் கருதினால் உழவருக்கு ஜிப்சமே ஏற்றது. மண் ஆய்வின்படி தேவையான அளவில் பாதியை இட்டு, உழுது, நீர் தேக்கி வடிக்கவேண்டும். வடிகால் இல்லாவிடில் விடுபட்ட சோடியம் வயலிலேயே தங்கிவிடும்.

இனி, வலிமை குறைந்த அமிலத்தின் பெருமையைப் பார்ப்போம். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்குமுன் மடக்கி உழுதால், அது மக்கும்போது கரியமில வாயு உண்டாகிறது. அந்த வாயு நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. சோடாப் புட்டியில் நாம் குடிப்பதும் இதுவே. இந்த எளிய அமிலம் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுண்ணாம்பைக் கரைக்கிறது, வேரைச் சுடுவதில்லை.

இத்துடன் திருச்சியில் களர் நிலத்துக்கென உருவாக்கப்பட்ட டிஆர்ஒய் 1 (1995), டிஆர்ஒய் 3 (2010) போன்ற நெல் ரகங்களைத் தேர்ந்தால் பலன் கூடும்.

ஆகவே அமிலப் புட்டியைத் திறக்குமுன் வலிமை, காரத்துவம், செறிவு என்னும் மூன்றையும் கேட்டறியுங்கள். மண்ணையும் பாசன நீரையும் ஆய்வு செய்த பின்னரே அளவை முடிவு செய்யுங்கள். வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் கணக்கை அவர்களைக் கொண்டே போட்டுப் பாருங்கள். அவர்களது பாடமும் பதியும், நம் வயலும் பிழைக்கும்.