போலி முனையமும் தமிழ் எழுத்தும்

முற்காலத்தில் யூனிக்ஸ் கணிப்பொறியோடு உரையாட டெலிடைப் என்னும் தட்டச்சுப் பொறி உதவியது. இன்று அதனிடத்தில் திரையில் ஒரு சாளரம் இருக்கிறது. ஆனால் உள்ளே ஓடும் நிரல், தான் உண்மையான முனையத்தோடு பேசுவதாகவே எண்ணிக்கொள்கிறது. அவ்வெண்ணத்தைக் காப்பதே போலி முனையம். அதன் தலைமை முனையை நம் நிரல் வைத்துக்கொள்ளும்; துணை முனை மற்ற நிரலுக்கு.

பைப் எனப்படும் குழாய் போதாதா என நண்பர்கள் கேட்கலாம். போதாது. குழாயில் எழுதும்போது பிரின்ட்எஃப் வரிகளை உடனே அனுப்பாமல் தேக்கி வைக்கும். கன்ட்ரோல்-சி அழுத்தினாலும் நிரல் நிற்காது.

பழைய பி.எஸ்.டி. முறையில் சாதனப் பெயர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, காலியானதைப் பிடிக்க வேண்டும். பெருந்தொல்லை அது! 2001ஆம் ஆண்டின் போசிக்ஸ் தரத்தில் வழி எளிது. போசிக்ஸ்_ஓப்பன்பிடி தலைமை முனையைத் திறக்கும். கிராண்ட்பிடி துணை முனையின் உரிமையைச் சீராக்கும். அன்லாக்பிடி பூட்டை நீக்கும். பிடிஎஸ்நேம் அதன் பெயரைச் சொல்லும். பூட்டை நீக்காவிடில் லினக்ஸில் துணை முனை திறவாது. பின்னர் ஃபோர்க் செய்து, சேய் நிரலில் முதலில் செட்சிட் அழைத்து, அதன் பிறகே துணை முனையைத் திறக்க வேண்டும். வரிசை மாறினால் அது அந்நிரலின் கட்டுப்பாட்டு முனையமாகாது; கன்ட்ரோல்-சியும் பயன்படாது.

ஆங்கிலப் பாடநூல்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திவிடும். தமிழருக்கோ இன்னும் வேலை இருக்கிறது.

செங்கம் சாலையில் செல்வோர் அறிந்த 'ரமணாசிரமம்' என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது 7 எழுத்து. யூனிகோடில் 10 குறிகள், யு.டி.எஃப்-8 முறையில் 30 பைட்டுகள். முனையத்தில் அதைத் தட்டி, பேக்ஸ்பேஸை ஒருமுறை அழுத்தினால் என்ன ஆகும்? உள்ளீட்டுக் கொடிகளில் ஐ.யு.டி.எஃப்.8 இடப்படாதிருந்தால் ஒரு பைட் மட்டுமே போகும். புள்ளியின் எஞ்சிய 2 பைட்டுகள் பொருளற்ற துண்டாக நிரலைச் சேரும். கோப்பில் அப்பெயர் சிதைந்தே பதிவாகும்.

லினக்ஸ் 2.6.4 முதல் இக்கொடி உண்டு. துணை முனையைத் திறந்தவுடன் டிசிகெட்ஆட்டரால் அமைப்பைப் படித்து, கொடியைச் சேர்த்து, டிசிசெட்ஆட்டரால் திரும்ப எழுதிவிடுவதே என் வழக்கம். அப்போது 3 பைட்டுகளும் சேர்ந்தே அழியும். ஆயினும் அழிவது புள்ளி மட்டுமே, 'ம' நிற்கும். மெய்யெழுத்து ஓரெழுத்து என்ற நம் இலக்கணம் கெர்னலுக்குத் தெரியாதல்லவா? முழு எழுத்தும் ஒரே அழுத்தில் அழிய வேண்டுமானால், ஐகேனான் கொடியை நீக்கிவிட்டு, வரி திருத்தும் பொறுப்பை நம் நிரலே ஏற்க வேண்டும்.