அடிச்சிடலாமா?

நம்பிக்கை: மேலேயும் கீழேயும் ஒரே எழுத்து இருந்தால் அடித்துவிடலாம்.

மாநில ரேங்க் அறிவிப்பு 2017இல் நின்றுபோனாலும் நாமக்கல், ராசிபுரம் பக்கத்தில் சென்டம் ஆசை குறையவில்லை. பத்தாம் வகுப்பு விகிதமுறு கோவைகளில் அந்த ஆசையைக் கெடுக்கும் சொல் 'அடிச்சிடு'. (அ+6)/(அ+3) என்பதில் (பாடநூலின் எக்ஸுக்கு இங்கே அ) இரண்டு அ-வையும் அடித்து, 6/3, விடை 2 என்கிறார்கள். அ-வுக்கு 1 போட்டுப் பாருங்கள்: 7/4. அடிப்பது என்றால் தொகுதி, பகுதி இரண்டையும் முழுசாக ஒரே எண்ணால் வகுப்பது. கூட்டலில் இருக்கும் ஓர் உறுப்பை மட்டும் உருவ முடியாது. பெருக்கலில் நிற்கும் காரணியைத்தான் அடிக்கலாம். 16/64இல் 6-ஐ அடித்தாலும் 1/4 சரியாக வரும், வெறும் தற்செயல். 13/39இல் 3-ஐ அடித்தால் 1/9. சரியான விடையோ 1/3.

நம்பிக்கை: முதலில் பெருக்கு, பிறகு சுருக்கு.

(அ²−9)/(அ²+5அ+6) × (அ²−4)/(அ²−5அ+6). பெருக்கி விரித்தால் மேலே அ⁴−13அ²+36, கீழேயும் அதுவே. அங்கே போய்ச் சேர்வதற்குள் ஒரு குறி மாறினால் போச்சு. காரணிப்படுத்துங்கள்: மேலே (அ−3)(அ+3)(அ−2)(அ+2), கீழே (அ+2)(அ+3)(அ−2)(அ−3). எல்லாம் அடிபட்டு விடை 1. 'எல்லாம் போச்சே' என்று 0 எழுதும் பிள்ளைகளும் உண்டு!

நம்பிக்கை: சுருக்கிய விடை எல்லா எண்ணுக்கும் பொருந்தும்.

மேலே உள்ள கணக்கில் 2, 3, −2, −3 போட்டால் பகுதி பூஜ்யம். விடை 1 என்றாலும் அந்த நான்கில் கோவைக்கு மதிப்பே கிடையாது. பாடநூலில் இவை விலக்கப்பட்ட மதிப்புகள். காரணிப்படுத்திய கையோடு குறித்துக்கொள்ளுங்கள். அடித்தபின் தடயம் இருக்காது.

நாமக்கல் நாமகிரித் தாயாரைக் குலதெய்வமாகக் கொண்டவர், 1887இல் ஈரோட்டில் பிறந்த ராமானுஜன். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் 1 என்ற ஆசிரியரிடம், பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தாலுமா என்று பள்ளி நாளில் கேட்டாராம். தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்ன கதைதான் நம் பக்கம் பிரபலம். வகுப்பறைக்கு, விலக்கப்பட்ட மதிப்புகளை நினைவூட்டும் இந்தப் பூஜ்யக் கேள்வியே உதவும் என்பது என் கட்சி.

நம்பிக்கை: (அ−3)/(3−அ) சுருங்காது.

சுருங்கும். 3−அ என்பது −(அ−3). விடை −1, அ மட்டும் 3 ஆகக் கூடாது.