இன்டர்வியூவுக்குப் பழைய சட்டை போதும்

பெங்களூரின் டிசைன், விளம்பர நிறுவனங்களுக்கு நேர்காணலுக்குப் போக, கடன் வாங்கிக் கோட் தைக்க வேண்டாம். அங்கே உங்கள் உடையும் ஒரு படைப்பு மாதிரிதான், விலையைவிடத் தேர்வுதான் கண்ணில் படும். கர்நாடகத்தின் ஹெக்கோடு கிராமப் பகுதியில் ‘சரகா’ கூட்டுறவுப் பெண்கள் இயற்கைச் சாயமேற்றும் பருத்தி உடைகள் ‘தேசி’ கடைகளில் கிடைக்கும். அவற்றின் மங்கிய நிறங்களே தனி அழகு. கையைக் கடிக்கிறதா? பீரோவில் தோள் சரியாக உட்காரும் சட்டையைத் தேடுங்கள். பக்கவாட்டைப் பிடித்துத் தருவது ஆல்டரேஷன் கடைக்காரருக்குச் சுலபம், தோளைத் திருத்துவதுதான் கஷ்டம். வெளுத்த பட்டன்களையும் மாற்றிவிடுங்கள்.

“அங்கே எல்லாரும் டி-ஷர்ட்தானே?” என்பார்கள். உண்மைதான். ஆனால் அவர்கள் திறமை அங்கே ஏற்கெனவே தெரிந்தது, உங்களுடையது இன்னும் தெரியாது. லினன் மட்டும் வேண்டாம், மெட்ரோ நெரிசலிலேயே கசங்கிவிடும்.