கோவிட் இறப்பு நிவாரணம்: எல்லைத் தாலுகாக்களின் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

கோவிட் தொற்றால் இறந்தவரின் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் வழங்கும் ஏற்பாட்டுக்கு அடிப்படை, 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு. கௌரவ் குமார் பன்சால் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 30 அன்று இதற்கு வழிமுறை வகுக்கச் சொன்னது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் நிர்ணயித்த தொகையை அதே ஆண்டு அக்டோபர் 4-இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பணம் மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து தரப்படுகிறது. கேரளத்தின் தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் தாலுகாக்களின் தமிழ்க் குடும்பங்களுக்குச் சிக்கல் வருவது பெரும்பாலும் காகிதங்களில்தான். வீடு கேரளத்தில் இருக்கும். இறப்பு தேனியிலோ பொள்ளாச்சியிலோ கோவையிலோ நடந்திருக்கும்.

முதலில் தேடவேண்டியது இறப்புச் சான்றிதழ். இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். மூணாறு எஸ்டேட் தொழிலாளி தேனி மருத்துவமனையில் இறந்திருந்தால் மூணாறு பஞ்சாயத்தில் அலைவதில் பயனில்லை. தேனியில் உள்ள பதிவாளரிடமே கேட்க வேண்டும். தொழிலாளர் குடியிருப்பான லயத்திலேயே உயிர் போயிருந்தால் உள்ளூர்ப் பஞ்சாயத்து போதும். ஓராண்டுக்கு மேல் பதிவாகாமல் கிடந்த இறப்பைப் பதிய, 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மாவட்ட அல்லது உட்கோட்ட நடுவரின் உத்தரவு தேவை.

அடுத்தது, இது கோவிட் இறப்புதான் என்று காட்டும் ஆவணம். குடும்பங்கள் அதிகம் தடுமாறுவது இந்த இடத்தில். இறப்புச் சான்றிதழில் ‘நிமோனியா’ என்றோ ‘மாரடைப்பு’ என்றோ எழுதியிருப்பதைப் பார்த்ததும் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். கைவிடத் தேவையில்லை. சான்றிதழில் கோவிட் என்ற சொல் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எந்த மாநிலமும் நிவாரணத்தை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. தொற்று உறுதியான நாளிலிருந்து 30 நாட்களுக்குள் இறந்திருந்தால், மருத்துவமனைக்கு வெளியே இறந்திருந்தாலும் அது கணக்கில் சேரும். சேர்க்கப்பட்ட மருத்துவமனையிலேயே தொடர்ந்து இருந்து 30 நாட்களுக்குப் பிறகு இறந்தவர்களும் அடங்குவார்கள். தொற்று உறுதியான 30 நாட்களுக்குள் தற்கொலை செய்துகொண்டவர்களின் குடும்பங்களும் தகுதி பெற்றவையே. விஷம், கொலை, விபத்து ஆகியவற்றால் நேர்ந்த இறப்புகள் மட்டும் விலக்கு.

இதற்கு ஆதாரமாக ஆர்டி-பிசிஆர் அல்லது ஆன்டிஜென் முடிவு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், மருத்துவமனையில் பரிசோதித்துக் கோவிட் என்று மருத்துவர் முடிவு செய்த பதிவும் செல்லும். செல்போனில் வந்த பரிசோதனைக் குறுஞ்செய்தி, சி.டி. ஸ்கேன் அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு எதையும் தள்ளிவிடக் கூடாது. உள்நோயாளிப் பதிவுகளை மருத்துவர்கள் 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. அந்தக் காலம் பலருக்குக் கடந்துவிட்டது. ஆகவே கையில் இருப்பதைப் பத்திரப்படுத்துவதும், அரசு மருத்துவமனையானால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பதிவைக் கேட்டுப் பார்ப்பதும் மிச்சமிருக்கும் வழிகள்.

பெயர்ப் பிழை சின்ன விஷயமாகத் தெரியும். மனுவைத் திருப்பி அனுப்ப அதுவே போதும். ஆதாரில் ‘பி. மாரியம்மாள்’, மலையாள ரேஷன் கார்டில் ‘மாரியம்மா’, மருத்துவமனைச் சீட்டில் ‘மாரி’ என்று இருக்கும். மூன்றும் ஒருவரே என்பதற்கு வில்லேஜ் ஆபீஸில் ‘ஒரே நபர்’ சான்றிதழ் வாங்கிக்கொண்ட பிறகே விண்ணப்பிக்க வேண்டும். உறவைக் காட்டும் ஆவணமும், ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கும் கூடவே தேவை.

விண்ணப்பத்தைக் கேரள அரசின் அக்ஷயா சேவை மையத்தில் உட்கார்ந்து பதிவேற்றலாம். இணையப் படிவத்தின் மொழி புரியாதவர்கள் தனியாகத் தமிழில் மனு எழுதித் தருவதற்குத் தடை ஏதுமில்லை. குறைகளை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் அதிகாரியிடம் முறையிடலாம் என்கிறது அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், அறிவிக்கப்பட்ட சிறுபான்மை மொழிப் பகுதிகளில் பதிலும் தமிழிலேயே வர வேண்டும் என்கிறது. கேட்டு வாங்கினால்தான் இது நடக்கும். எனவே மனுவிலேயே அந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டுவிடுவது புத்திசாலித்தனம். ஒப்புகைச் சீட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

காலக்கெடுவை 2022 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் நிர்ணயித்தது. மார்ச் 20-க்கு முந்தைய இறப்புகளுக்கு, அந்த உத்தரவு நாளிலிருந்து 60 நாட்கள். பிந்தையவற்றுக்கு, இறந்த நாளிலிருந்து 90 நாட்கள். இந்தக் கெடு தவறிப்போனவர்கள் மாவட்டக் குறைதீர்க் குழுவை அணுகலாம். கடும் நெருக்கடியால் தாமதமானதைக் காட்டினால், மனுவை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்ய அதே உத்தரவு இடம் தருகிறது. ஏற்பார்கள் என்ற உத்தரவாதம் இல்லை. ஆனாலும் தாமதத்தின் காரணத்தை (படுக்கையில் கிடந்தது, எல்லை மூடியிருந்தது, ஆவணம் மறு மாநிலத்தில் மாட்டிக்கொண்டது) தேதியோடு எழுதுவது பலன் தரலாம். கோவிட் ஆவணம் மறுக்கப்பட்டவர்களும் இக்குழுவிடமே போக வேண்டும்; மருத்துவமனைப் பதிவுகளை வரவழைத்துப் பார்க்க அதற்கு அதிகாரம் உண்டு. இடுக்கியில் ஆட்சியர் அலுவலகம் பைனாவில் இருப்பதால், மறையூர், வட்டவடைக்காரர்களுக்குப் போய்வர ஒரு நாள் போய்விடும். ஒரே நடையில் முடிய, எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துச் செல்வது நல்லது.

பொய்ச் சான்று கொடுத்துப் பணம் பெற முயல்வது ஆபத்து. கேரளம் உள்ளிட்ட நான்கு மாநிலங்களில் 5 விழுக்காடு மனுக்களைச் சோதிக்க மத்திய அரசுக்கு நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. பிடிபட்டால் பேரிடர் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறை.

50,000 ரூபாயோடு உரிமை முடிந்துவிடுவதில்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் 3 ஆண்டுகள் வழங்கக் கேரள அமைச்சரவை 2021 அக்டோபரில் முடிவெடுத்தது. அப்போது விடுபட்டவர்கள் வில்லேஜ் ஆபீஸில் விசாரிக்கலாம். பாலக்காட்டின் கஞ்சிக்கோடு தொழிற்சாலைகளில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) திட்டத்தில் இருந்தவர்களின் குடும்பங்களுக்கு, 2020 மார்ச் 24 முதல் நடைமுறைக்கு வந்த கோவிட் திட்டப்படி, சராசரிக் கூலியில் 90 விழுக்காடு உதவித்தொகை உண்டு. தேயிலைத் தோட்டங்கள் பொதுவாக இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருந்தவை. ஆனால் வருங்கால வைப்புநிதியில் இருந்த தொழிலாளி பணியிலிருக்கும்போது இறந்தால், அத்துடன் இணைந்த காப்பீடு அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். படிவம் 5 ஐ.எஃப்.-இல் கோர வேண்டும். பணிக்கொடைக்கு 5 ஆண்டுச் சேவை வேண்டும் என்ற நிபந்தனை, அப்போது நடைமுறையில் இருந்த 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இறப்புக்குப் பொருந்தாது. நியமனதாரர் ‘ஜே’ படிவத்திலும், நியமனம் இல்லாவிட்டால் வாரிசு ‘கே’ படிவத்திலும் எஸ்டேட் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.