கலமும் காலமும்

நுழையும்முன்

கடலில் செல்வோர் காற்றும் காலமும் அறிந்து கலம் தேர்ந்தனர். இன்று நெடுந்தொலைவுப் பயணம் வான்வழிக்கு மாறியுள்ளது. ஆயினும் எந்தப் பருவத்தில், எத்தனை பேருக்காக, எவ்வளவு தொலைவுக்கு, எந்த ஊர்தியைச் செலுத்துவது என்னும் பழைய வினா மாறவில்லை. விமான நிறுவனங்கள் அவ்வினாவுக்கு விடை காணும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

வழிக்கேற்ற கலம்

நீரில் செல்லும் ஊர்திக்குத் தமிழில் பெயர்கள் பல. ஓடம், அம்பி, தோணி, பஃறி, வங்கம், நாவாய் என அவை விரிகின்றன. ஆற்றைக் கடக்கும் அம்பி பெருங்கடலுக்குப் பயன்படாது. பெருங்கடலில் செல்லும் நாவாய் உப்பங்கழியில் நுழையாது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரியக் கடலின் பெரிப்ளுஸ்' என்னும் நூலும் தமிழகத் துறைமுகங்களில் கரையோரம் செல்லும் கலங்களையும், கங்கைக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் செல்லும் பெருங்கலங்களையும் வேறுபடுத்திக் கூறுகிறது. தொலைவும் சுமையுமே கலத்தை முடிவு செய்தன.

பருவமும் தன் பங்கை ஆற்றியது. வாடை, தென்றல், கோடை, கொண்டல் எனக் காற்றைத் திசைக்கொரு பெயரிட்டு அழைத்தனர் தமிழர். காற்றின் திசை மாறும் வரை காத்திருந்தே பாய்மரக் கலங்கள் கடல் கடந்தன.

துறைமுகம் தந்த பாடம்

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட, மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து மக்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கின. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம் கப்பல்களுக்குப் பேரிடர்க் காலமாயிற்று. 1746 அக்டோபரில் சென்னைக்கு அருகில் நின்ற பிரெஞ்சுக் கப்பற்படை புயலில் சிதைந்தது. பின்னர்க் கட்டப்பட்ட அலைதடுப்புச் சுவர்களையும் 1881ஆம் ஆண்டுப் புயல் உடைத்தது. மீண்டும் கட்டியெழுப்பப்பட்ட பின்னரே துறைமுகம் நிலைபெற்றது.

இத்துறைமுகத்திலிருந்து மலேயாவுக்குச் சென்ற கப்பல்களுள் புகழ்பெற்றது 'ரஜூலா'. 1926இல் கட்டப்பட்ட இக்கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களை இணைத்தது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்றிச்செல்ல அதற்கு இசைவு இருந்தது. தோட்டத் தொழிலுக்குச் செல்வோர் பெருந்திரளாகவும் குறைந்த கட்டணத்திலும் பயணம் செய்த வழி அது. எனவே விரைவைவிடக் கொள்ளளவுக்கே அங்கு முதன்மை தரப்பட்டது. 1973 வரை அக்கப்பல் இவ்வழியில் சென்றது.

1960களில் பர்மாவிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர் பலர் சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, வியாசர்பாடி முதலிய வடசென்னைப் பகுதிகளில் குடியேறினர். ஒரு திசையில் மட்டுமே கூட்டம் பெருகிய பயணம் அது. இத்தகைய ஒருவழிக் கூட்டம் இன்றைய விமான நிறுவனங்களுக்கும் ஒரு சிக்கலாகும்.

இருக்கைக் கணக்கு

விமானப் போக்குவரத்தில் ஓராண்டு இரு பருவங்களாகப் பகுக்கப்படுகிறது. மார்ச்சு மாதக் கடைசி ஞாயிறன்று கோடைக்கால அட்டவணையும், அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று குளிர்கால அட்டவணையும் தொடங்குகின்றன. பள்ளி விடுமுறை, பொங்கல், தீபாவளி, கிறித்துமசு, திருமண மாதங்கள், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் திறக்கும் காலம் ஆகியவை கூட்டத்தைக் கூட்டும். அவற்றுக்கு இடைப்பட்ட மாதங்களில் இருக்கைகள் வெறுமையாகும்.

ஏர் இந்தியா நிறுவனத்தின் போயிங் 787-8 வானூர்தியில் 256 இருக்கைகளும், போயிங் 777-300 இஆர் வானூர்தியில் 342 இருக்கைகளும் பல்லாண்டுகள் இருந்தன. ஒரு வழியில் நாள்தோறும் 240 பேர் பயணம் செய்வதாகக் கொள்வோம். சிறிய வானூர்தியில் 16 இருக்கைகளும், பெரியதில் 102 இருக்கைகளும் வெறுமையாக இருக்கும். விடுமுறைக் காலத்தில் 330 பேர் வந்தால் நிலைமை தலைகீழாகிறது. பெரியதில் 12 இருக்கைகளே எஞ்சும். சிறியதிலோ 74 பேருக்கு இடமிராது.

பயணிகளும் எரிபொருளும் இல்லாத நிலையில் சிறியதன் எடை ஏறத்தாழ 120 டன்; பெரியதன் எடை ஏறத்தாழ 168 டன். இருக்கை வெறுமையாக இருப்பினும் கூடுதலான 48 டன்னைச் சுமக்க எரிபொருள் எரிந்தே தீரும். ஆகவே 'பெரியது நல்லது' என்றோ 'சிறியது சிக்கனம்' என்றோ பொதுவாகக் கூற இயலாது. சரக்கு வருவாயும் இக்கணக்கில் சேரும். பயணிகள் குறைந்த மாதத்திலும் வானூர்தியின் அடித்தளத்தில் செல்லும் தோற்பொருள்களும் ஆடைகளும் ஒரு வழியைக் காப்பாற்றக்கூடும்.

காற்றும் வெப்பமும்

சென்னைக்கும் இலண்டனுக்கும் இடைப்பட்ட வான்தொலைவு ஏறத்தாழ 8,200 கிலோமீட்டர். வரும்போதைவிடச் செல்லும்போது கூடுதல் நேரம் ஆகிறது. உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்காக விரைந்து வீசும் காற்றோட்டமே அதற்குக் காரணம். குளிர்காலத்தில் அது வலுப்பெறுவதால், மேற்கு நோக்கிச் செல்லும் வானூர்தி கூடுதல் எரிபொருளை ஏற்ற வேண்டியுள்ளது. தன் பறக்கும் எல்லையை நெருங்கும் வானூர்தியாயின், அதற்கு ஈடாகச் சரக்கையோ பயணிகளையோ குறைத்தாக வேண்டும்.

கோடை வெப்பம் மற்றொரு தடையாகும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. அதனால் இறக்கைகளின் தூக்குவிசையும் பொறியின் உந்துவிசையும் குறைகின்றன. மேலெழ நீண்ட ஓடுபாதை தேவைப்படுகிறது. வெப்பம் தணிந்த இரவிலும் விடியலிலும் புறப்படுவது இவ்வகையில் நன்மை தருகிறது.

தெரியுமா?
1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஒற்றைப் பொறி வானூர்தியில் அஞ்சல் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதனைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். பம்பாயின் சூகு விமானத்திடல் மழைக்காலத்தில் சேறாகிவிடும் என்பதால், அப்பருவத்தில் இச்சேவை புனேவுக்கு மாற்றப்பட்டது.

ஒருவழிக் கூட்டம்

ஹஜ் பயணம் பருவகாலச் சேவைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பயணிகளை ஜித்தாவுக்கோ மதீனாவுக்கோ கொண்டுசேர்க்கும் வாரங்களில் வானூர்திகள் நிறைந்து சென்று பெரும்பாலும் வெறுமையாகத் திரும்பும். அழைத்துவரும் வாரங்களில் வெறுமையாகச் சென்று நிறைந்து திரும்பும். எனவே ஒரு பயணிக்கு இருமுறைப் பறப்பின் செலவு ஏற்படுகிறது. சில வாரத் தேவைக்காகப் புதிய வானூர்தி வாங்குவது இழப்பாகும். அதனால் நிறுவனங்கள் வானூர்தியைப் பணியாளர்களுடன் குறுங்கால வாடகைக்கு எடுப்பதுண்டு. எரிபொருளை மிகுதியாகக் கொள்ளும் பழைய பெரிய வானூர்திகளும் இத்தகைய குறுங்காலப் பணிக்குப் பொருந்தும்.

ஹஜ் சந்திர நாள்காட்டியைப் பின்பற்றுவதால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள்கள் முன்னதாக வருகிறது. 2006ஆம் ஆண்டின் சனவரியிலும் திசம்பரிலுமாக இருமுறை ஹஜ் நிகழ்ந்தது. கோடை விடுமுறையுடன் அது சேர்ந்துவரும் ஆண்டுகளில் வானூர்திகளுக்குத் தட்டுப்பாடு மிகும்.

தேர்வின் பொறுப்பு

கூட்டம் குறைந்த வழியிலிருந்து ஒரு வானூர்தியை விலக்கி, கூட்டம் மிகுந்த வழிக்கு மாற்றுவது மற்றொரு முறை. ஒரு நாட்டின் ஓய்வுக்காலம் மற்றொரு நாட்டின் விழாக்காலமாக அமையின் இம்மாற்றம் எளிதாகிறது. பெரிய பழுதுபார்ப்புப் பணிகளைக் கூட்டமில்லாத மாதங்களில் முடிப்பதும் வழக்கம். பெரிய வானூர்தியை வாரம் மும்முறை செலுத்துவதைவிடச் சிறியதை நாள்தோறும் செலுத்துவது பயணிகளுக்குச் சில வழிகளில் வசதியானது.

இத்தேர்வு பிழைத்தால் அதன் சுமை இரு பக்கமும் விழும். வானூர்தி பெரிதானால் நிறுவனம் இழப்புற்று, ஒரு கட்டத்தில் அவ்வழியையே கைவிடும். சிறிதானால் கட்டணம் உயர்ந்து, அயல்நாட்டில் உழைப்போர் விழாவுக்கும் வீட்டு நிகழ்வுக்கும் ஊர் திரும்ப இயலாது. கூட்டம் மிகுந்த நாளின் ஆதாயத்தை மட்டும் நோக்காமல், கூட்டம் குறைந்த நாளிலும் தொடர்ந்து பறக்கக்கூடிய கலத்தைத் தேர்வதே ஓர் ஊரின் வான்வழியை நிலைக்கச் செய்யும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலிருந்து விழாக்காலத்தில் இயக்கப்படும் சிறப்புப் பேருந்துகளும் தொடர்வண்டிகளும் எந்தத் திசையில் நிறைந்தும் எந்தத் திசையில் வெறுமையாகவும் செல்கின்றன என்பதை அறிந்து அட்டவணைப்படுத்துக.
2. நாள்தோறும் 200 பேர் செல்லும் வழிக்கு 256 இருக்கை வானூர்தி, 342 இருக்கை வானூர்தி ஆகியவற்றுள் எது ஏற்றது? காரணங்களுடன் கலந்துரையாடுக.
3. தமிழில் வழங்கும் கலப்பெயர்களைத் திரட்டி, அவற்றின் பயன்பாட்டை எழுதுக.